இரண்டாவது மாத்திரை எதற்கு?

நலம் விசாரிக்கும் நிபுணர் என்றோர் இனம் நம் பக்கத்தில் நன்றாகச் செழித்து வளர்கிறது. யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்று காதில் விழுந்தால் போதும். பிஸ்கட் பாக்கெட்டும் கையுமாகக் கிளம்பி வந்து, கேட்காமலே ஃபைலைப் பிரித்து, ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, "ம்ம்" என்று பெருமூச்சு விட்டு, கொண்டுவந்த பிஸ்கட்டைத் தானே தின்று முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். படித்தது எங்கே? வாட்ஸ்அப்பில்தான், வேறெங்கே?

அண்ணனூர் ராகவன் இந்த இனத்தில் உயர்ந்த ரகம். அவர் கையில் சிக்கியவள் எதிர்வீட்டு நாகவல்லி. திருமழிசையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, தினமும் இரண்டு விதமான மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தாள். ஏன் இரண்டு என்று டாக்டரம்மா படம் போட்டே சொல்லியிருந்தார். ஈஸ்ட்ரோஜன் என்கிற ஹார்மோன் அந்தக் கெட்ட செல்லை வளரச் சொல்லித் தூண்டும். அதை முதல் மாத்திரை அடக்கும். ஆனால் வளர்ச்சிக் காரணிகள் என்று வேறொரு கூட்டம் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜனை அடக்கினாலும் அவை வேறு வழியாகப் போய் அதே செல்லை உசுப்பிவிடும். இரண்டும் ஒன்றையொன்று ஏற்றிவிடும் கூட்டாளிகள். அதனால்தான் இரண்டாவது மாத்திரை. நாகவல்லி தலையாட்டினாள். பாதிதான் புரிந்தது.

"ஹார்மோனத்தான் ஒண்ணு அடக்கிடுச்சே, அப்பால இன்னாத்துக்கும்மா இன்னொண்ணு?" என்றார் ராகவன், கடைசி பிஸ்கட்டை எடுத்தபடி. "எள்ளு, சோயாலயும் அந்த ஹார்மோன் கீதாம், ரெண்டையும் நிறுத்து. அந்த மாத்திரைய தூக்கிக் கடாசு."

"டாக்டரம்மா வேற மாரி சொன்னாங்களே அண்ணாத்தே."

"அவங்க சொல்லத்தான் சொல்லுவாங்க. நான் உன் நல்லதுக்கு சொல்றேன்."

அந்த இரண்டாவது மாத்திரைதான் அவள் வயிற்றைப் புரட்டி எடுத்துக்கொண்டிருந்தது. அன்று அதைப் போடவில்லை. குமட்டல் நின்றது, பயம் பிடித்துக்கொண்டது. செத்துப்போய்விடுவோமோ என்ற பயம்.

மறுநாள் விடிந்ததும் ராகவனின் வீடியோக்கள் வரிசைகட்டின: கருஞ்சீரகம், முள்சீத்தா, வெறும் வயிற்றில் வெந்நீர். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து பிளாக் செய்தாள். அப்பாடா என்று டீக்குப் பால் வைப்பதற்குள், அவர் மனைவி அருள்மொழியின் நம்பரிலிருந்து அதே கருஞ்சீரகம். பின்னாலேயே வாய்ஸ் மெசேஜில் ராகவன் குரல்: "நான்தாம்மா. என் போன்ல இன்னாவோ கோளாறு, உனுக்கு மெசேஜே போவல. அதான் இவ போன்லேந்து அனுப்பிகினு கீறேன்."

நாகவல்லி வாய்விட்டுச் சிரித்தாள். ஒரு வழியை அடைத்தால் இன்னொரு வழியாக வருவது என்றால் இதுதானா? டாக்டரம்மா படம் போட்டும் புரியாததை மனிதர் ஒரே மெசேஜில் புரியவைத்துவிட்டார். அருள்மொழியையும் பிளாக் செய்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, மாத்திரையை ஒருநாள் விட்டதையும் குமட்டலையும் சொன்னாள். குமட்டலுக்கும் மருந்து இருந்தது. ராகவனுக்குத்தான் இல்லை. அவர்கள் சொன்னபடி இரண்டாவது மாத்திரையை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உடம்புக்கு முடியாத உங்கள் உறவுக்காரருக்கு நேற்று ஒரு நல்ல வீடியோ அனுப்பினீர்களே, அதற்கு இன்னும் ஒரே ஒரு டிக்தான் விழுந்திருக்கிறதா? உங்கள் போனில் கோளாறு ஒன்றும் இல்லை.