விகுதி இல்லாத சம்மதம்

"'சம்மதிச்சு'ன்னு எழுதியிருக்கீங்களே, சம்மதிச்சு அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டான் செல்லதுரை.

"அப்புறம் ஒண்ணும் இல்லா ஸாரே. அதோட தீர்ந்நு," என்றாள் கமலாக்ஷி.

தீரவில்லை. செல்லதுரைக்கு அங்கேதான் ஆரம்பித்தது.

மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்யும் கம்பெனி அது. விருதுநகர், தூத்துக்குடி வியாபாரிகளோடு தமிழில் கடிதப் போக்குவரத்து நடத்துவது திருநெல்வேலிக்காரனான செல்லதுரையின் வேலை. கேரளம் தனி மாநிலமாகி இரண்டு வருஷத்தில் கம்பெனி ஆலுவாவில் ஒரு கிளை திறந்தது. செல்லதுரையை அங்கே அனுப்ப முடிவாயிற்று. அவன் இடத்துக்கு டைப்பிஸ்ட் கமலாக்ஷியைப் போடலாமா என்று மேனேஜர் வைத்தீஸ்வரன் யோசித்தார். "சனிக்கிழமை நானே தமிழ்ப் பரீட்சை வைப்பேன். தேறலைன்னா விருதுநகர்லேர்ந்து டைப்பும் தமிழும் தெரிஞ்ச ஒருத்தனைக் கொண்டுவந்துடுவேன். அப்புறம் இவளுக்கு இங்கே வேலை இல்லை," என்று சொல்லிவிட்டார்.

செல்லதுரை தானாகவே போய், "நான் எழுத வைக்கிறேன் ஸார்," என்று ஏற்றுக்கொண்டான். ஏன் ஏற்றுக்கொண்டான் என்பது அவனுக்கு மட்டும் தெரிந்த விஷயம். இரண்டு வருஷமாக அதை யாரிடமும் சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை, முக்கியமாகக் கமலாக்ஷியிடம்.

'போன ஞாயிற்றுக்கிழமை' என்று தலைப்புக் கொடுத்திருந்தான். அவள் எழுதியது இவ்வளவுதான்:

'ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போயி. மழை பெய்து. ஒரு கடையில் ஒதுங்கி நின்று. விருப்பம் உண்டு என்று சொல்லி. கல்யாணத்துக்கு சம்மதிச்சு.'

எல்லா வாக்கியமும் அந்தரத்தில் நின்றது. செல்லதுரையும்தான்.

"போனது யாரு? சொன்னது யாரு?" கடைசி வரியில் விரலை வைத்தான். "அப்புறம்... மத்தது யாரு?"

"மலையாளத்திலே அந்தத் தொல்லை இல்லா. ஞான் வந்நு, அவன் வந்நு, அவள் வந்நு. எல்லார்க்கும் ஒரே வந்நு," என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "ஸாருக்கு ஒண்ணும் மனசிலாயில்லே?"

"இலக்கணமே புரியலைங்க! தமிழ்ல வினைக்கு வால் உண்டு. அவன் வந்தான். அந்த 'ஆன்' இல்லைன்னா ஆள் தெரியாது."

"அத்ரேயுள்ளோ? அவ்வளவுதானா? எல்லாத்துக்கும் வால் வச்சுடறேன்."

வைத்தாள். மறுநாள் சாயங்காலம் தாள் வந்தது. 'கடற்கரைக்குப் போனான். மழை பெய்தான். ஒதுங்கி நின்றான். விருப்பம் உண்டு என்று சொன்னான். கல்யாணத்துக்குச் சம்மதித்தான்.'

மழை பெய்தவனைப் பற்றிச் செல்லதுரை கவலைப்படவில்லை. சம்மதித்தவன் யார்? கணக்குப் பிரிவு வெங்கிட்டு அவளோடு ஒரே படகில்தான் வீட்டுக்குப் போகிறான். சுருட்டை முடி வேறு.

அந்த நேரம் பார்த்து வெங்கிட்டு எட்டிப் பார்த்தான். "செல்லதுரை, வாங்கோ, ஒரு சாயா குடிச்சுட்டு வரலாம்."

"எனக்கு வேண்டாம்!"

வெங்கிட்டு பயந்து போய்த் தனியாகச் சாயா குடிக்கப் போனான்.

"எழுதறது நீங்க," என்றான் செல்லதுரை. "உங்களைப் பத்தின்னா 'ஏன்' போடணும். போனேன், வந்தேன்."

அடுத்த நாள் எல்லாவற்றிலும் 'ஏன்' இருந்தது. கமலாக்ஷி மழையாகவும் பெய்திருந்தாள். கடைசி வரியில் 'சம்மதித்தேன்' என்று இருந்தது.

நேற்று அவன் சம்மதித்தான், இன்று இவளும் சம்மதித்துவிட்டாள். இனி என்ன மிச்சம்? செல்லதுரை தாளையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். விடிந்தால் பரீட்சை. அவள் யாரைக் கட்டிக்கொண்டாலும் வேலையாவது நிலைக்கட்டும் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டான்.

"ஒண்ணு செய்யுங்க. எந்த வால்னு சந்தேகம் வந்தா மரியாதையா 'ஆர்' போட்டுருங்க. யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க."

சனிக்கிழமை மேனேஜர் அறையில் பரீட்சை நடந்தது. இஷ்டப்பட்டதை எழுதச் சொன்னார் வைத்தீஸ்வரன். கமலாக்ஷி பழகியதையே எழுதிக் கொடுத்தாள். ஆபீஸே வாசலில் கூடி நிற்க, அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"'கடற்கரைக்குப் போனார். மழை பெய்தார்.' ஏன் ஓய் செல்லதுரை, மழைக்கு இத்தனை மரியாதையா?"

வெங்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். செல்லதுரைக்கு முதுகில் வேர்வை வழிந்தது.

"'விருப்பம் உண்டு என்று சொன்னார். கல்யாணத்துக்குச் சம்மதித்தார்.'"

வைத்தீஸ்வரன் படிப்பதை நிறுத்தினார். ஐம்பது தாண்டியவர், மனைவியை இழந்தவர், சமீபத்தில்தான் தலைக்கு மை பூச ஆரம்பித்திருந்தார். மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த ஆபீஸ்லே 'ஆர்' போட்டு எழுதறதுன்னா என்னை ஒருத்தனைத்தானே எழுதுவா? நான் எப்போம்மா சம்மதிச்சேன்?"

வெங்கிட்டுவின் சிரிப்பு நின்றது. செல்லதுரை முன்னால் வந்து நின்றான். மேனேஜரா? இந்த மனுஷரா? இரண்டு வருஷம் அடக்கி வைத்திருந்தது அத்தனையும் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

"வெங்கிட்டுவா இருந்தாலும் சரி, ஸாரா இருந்தாலும் சரி, யாருன்னு சொல்லிருங்க கமலாக்ஷி! என்னால தாங்க முடியலை!"

கமலாக்ஷி முகம் சிவந்து தலையைக் குனிந்துகொண்டாள்.

வாசலில் கூடியிருந்தவர்களை விலக்கிக்கொண்டு, வெள்ளை முண்டு கட்டிய கிழவர் ஒருவர் உள்ளே வந்தார். கமலாக்ஷி நிமிர்ந்து தன் அப்பாவைப் பார்த்துப் பதறினாள். "அச்சா!"

"யாருங்காணும் நீர்?" என்றார் வைத்தீஸ்வரன் எரிச்சலோடு.

"இவளோட அச்சனாணு. விருப்பம் உண்டுன்னு சொன்னது இவள், சம்மதிச்சது ஞானாக்கும்," என்றார் கிழவர், அறையைச் சுற்றி ஒரு நோட்டம் விட்டபடி. "அது போகட்டும், இதிலே செல்லதுரைன்னு சொல்றது யாராணு?"