குடத்து மிஸ்ஸும் என் பதினொரு குடமும்

என் மகளைக் குடத்து மிஸ்ஸிடம் விட்டது சரிதானா? வருஷமே முடியப்போகிறது, இன்னும் பதில் தெரியவில்லை. கோயம்புத்தூரில் அவரைப்போல அம்மாக்களின் நிம்மதியைக் கெடுத்த டீச்சர் வேறு யாரும் இருக்க முடியாது என்பது மட்டும் தெரியும்.

மூன்றாம் வகுப்புக்கு ஆண்டு முழுக்க புராஜெக்ட் வழியாகத்தான் பாடம் என்று பள்ளி அறிவித்தது. பெற்றோர் பிரதிநிதியான நான், மாதவாரியாகக் கலர் அடித்து ஓர் அட்டவணை கொண்டுபோனேன். மிஸ் அதை வாங்கி, அவருக்கு அந்தப் பெயரையே வாங்கித் தந்த மேஜைமேல் தண்ணீர்க் குடத்தை அதனாலேயே மூடினார்.

"திட்டம் போடறது அவங்க, அம்மணி. நீங்க வெளிய உக்காந்து டீ குடிங்க."

உள்ளே முப்பது பிள்ளைகள் கூட்டம் போட்டார்கள். அம்மாக்கள் நாங்கள் ஜன்னலில் தொங்கினோம். ஜூன் முதல் மார்ச் வரை ஒரே கேள்வி என்று முடிவானது: நம் தெருவுக்கு நல்ல தண்ணீர் எப்படி வருகிறது? கணக்கு, தமிழ், படம் எல்லாம் அதற்குள்தான்.

வீட்டில் பிடிக்கும் குடங்களைப் பிள்ளைகள் தினமும் எண்ணி எழுத வேண்டும். குளிக்கப்போன என் மாமியாரை வழிமறித்து மகள் பேட்டி எடுத்தாள். தெருக் குழாய்க்கு வால்வு திறக்க வருபவர், பின்னால் வரும் பிள்ளைப் படையைப் பார்த்துச் சந்து மாறி ஓடினார். மகளுக்கு எட்டாம் வாய்ப்பாடு மட்டும் வரவில்லை. வேறு பள்ளியில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை பதினாறு வரை ஒப்பித்தாள்.

செப்டம்பரில் ஒரு கல்யாணத்துக்காகக் கோபிசெட்டிபாளையம் போனதில் நான்கு நாள் கணக்கு விட்டுப்போனது. மகளுக்குத் தெரியாமல், அவள் கையெழுத்திலேயே நான் நிரப்பினேன். செவ்வாய்க்கிழமை, பதினொரு குடம்.

மிஸ் என்னை வரச்சொன்னார். வகுப்பின் முன்னால் நிறுத்தினார். எங்கள் தெரு வாண்டு ஒன்று எழுந்தது.

"ஏனுங்க ஆன்ட்டி, செவ்வாக்கெழம நம்ம தெருவுக்குத் தண்ணியே வருலீங்களே?"

என் மகள் தரையைப் பார்த்தாள். மிஸ் பலகையில் அக்டோபர் திட்டத்தை அழித்துவிட்டு, 'பொய்க் கணக்கைக் கண்டுபிடிப்பது எப்படி' என்று எழுதினார். ஒரு மாதம் முழுக்க என்னை ஆராய்ந்தார்கள். முடிவில் மிஸ் சொன்னார்:

"வெசனப்படாதீங்க அம்மணி. இந்த வருசத்துல நல்லா அமைஞ்ச பாடமே உங்களுதுதானுங்க."

பதினொரு குடம் நிறைய எத்தனை நிமிஷம் என்று கண்டுபிடித்தது என் மகள்தான். வாய்ப்பாடு இல்லாமல், விரல்விட்டு எண்ணி.

இப்போது படிவம் வந்திருக்கிறது: நான்காம் வகுப்புக்கும் இதே மிஸ்ஸா, பழைய முறைப் பிரிவா? இரண்டு முறை நிரப்பிக் கிழித்துவிட்டேன். போன வாரம் மிஸ் காய்ச்சலில் லீவு எடுத்தபோது, ரசம் வைத்துத் தூக்குப்போசியோடு அவர் வீட்டுக்கு ஓடியவளும் நான்தான். எனக்குப் பிடித்துவிட்டது என்பதற்காகப் பிள்ளையின் இன்னொரு வருஷத்தை ஒப்படைக்கலாமா? மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். இந்த வழியில் படித்த பிள்ளைகளை வளர்த்தவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து ஒரு வரி எழுதுங்கள்.