பாவுக்குப் போன பால்

கண்ணுகளா, நம் வீட்டில் எதைச் சமைத்து இறக்கினாலும் "இது தின்னவா, பாவுக்கா?" என்று கேட்டுச் சிரிக்கிறீர்களே, அந்தக் கேள்வி பிறந்த கதையை உங்கள் அம்மா ஒரு விதமாகவும் தாத்தா (என் அப்பா) ஒரு விதமாகவும் சொல்லியிருப்பார்கள். நடந்தபடி நான் எழுதி வைக்கிறேன். அசடு வழிந்தவன் நான் என்பதால் எனக்குத்தான் எல்லாம் நினைவிருக்கிறது.

யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முந்தி, மூத்தவள் வயிற்றில் இருந்த சமயம். உங்கள் அம்மாவுக்கு எதைத் தின்றாலும் வாந்தி. பால் வாடை ஆகாது, நெய் வாடை ஆகாது, (வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்) என் வாடையும் ஆகாது. ஆள், தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டும் பாவு நூல்போல் இளைத்துவிட்டாள். மல்லசமுத்திரத்திலிருந்து என் மாமனார் வந்து, "மாப்ள, புள்ளைய நான் கூட்டிட்டுப் போறனுங்க. காத்தால வண்டி கட்டிருவேன்" என்றார். போனால் பிரசவம் முடிந்துதான் திரும்புவாள். தறியில் உட்கார்ந்து யாரோடு பேசுவேன்? அவள் வயிற்றில் ஒரு வாய் நின்றுவிட்டால் அவரைத் தடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

பினாங்கிலிருந்து திரும்பிய என் கூட்டாளி செங்கோடன் ஒரு யோசனை சொன்னான். "அங்க சீனாக்காரங்க சோயா மொச்சைய அரைச்சுப் பாலெடுத்து, புளிப்பு ஊத்தி உறைய வச்சுக் கட்டியாக்குவாங்கடா. தவ்வுன்னு பேரு. மாட்டுப்பால் வாடையே இருக்காது." கொண்டுவந்த மொச்சையிலும் கொஞ்சம் கொடுத்தான். அவன் தின்றவன், செய்தவன் இல்லை. அது எனக்கு உறைக்கவில்லை. அஞ்சாம் வகுப்புப் படித்த தைரியம்!

ராத்திரி ஊற வைத்து, விடியலில் அரைத்து, வடிகட்டிக் காய்ச்சினேன். பக்கத்து அடுப்பில் பாவுக்கான அரிசிக் கஞ்சி. (அன்றைக்குத் தெருவில் பாவை நீட்டிக் கட்டி, நூல் விறைப்பாக நிற்கக் கஞ்சி போடும் நாள்.) இரண்டும் மண்சட்டி, இரண்டும் வெள்ளை. வாசற்படி ஓரமாக ஆற வைத்துவிட்டு எலுமிச்சம்பழம் அறுக்கப் போனேன். திரும்பி வந்தபோது ஒரு சட்டிதான் இருந்தது. கஞ்சியைத் தாத்தா கொண்டுபோய்விட்டார் என்று நிம்மதியாகப் பழத்தைப் பிழிந்தேன்.

தெருவிலிருந்து தாத்தா கத்தினார். "ஏண்டா, கஞ்சி என்னடா இப்பிடித் தண்ணியா இருக்குது?"

"புது அரிசிங்கப்பா! அப்பிடித்தான் இருக்கும்!"

சட்டியில் ஒன்றும் உறையவில்லை. இன்னொரு பழம் பிழிந்தேன். உப்புப் போட்டேன். மறுபடி ஒரு பழம்.

"அடேய், கன்னுக்குட்டி பாவைத் திங்குதுடா!"

ஓடிப் போய்ப் பார்த்தேன். எதிர்வீட்டுக் கன்றுக்குட்டி கண்ணை மூடிக்கொண்டு எங்கள் பாவை நக்கிக்கொண்டிருந்தது. மாமனார் அதன் கயிற்றைப் பிடித்து இழுக்க, அது நூலை விடாமல் இழுக்க, தாத்தா கையை மோந்து பார்த்து, "மொச்சை வாடையடா இது! என்ன எழவு கஞ்சி காய்ச்சுனே?" என்றார்.

பின்னால் சிரிப்புச் சத்தம். உங்கள் அம்மா. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தவள் நிற்க முடியாமல் படியில் உட்கார்ந்து சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று!

"ஏனுங்க, அந்தச் சட்டியில என்ன? எலுமிச்சை வாசம் வருதே?"

"தவ்வு. இன்னும் உறையல."

ஒரு டம்ளர் மொண்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். "உங்க தவ்வு பாவுக்குப் போயிருச்சுங்க. இது கஞ்சி" என்றாள். பிறகு மடமடவென்று குடித்தாள்.

நாங்கள் மூவரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். மாமனார் கையில் கன்றுக்குட்டியின் கயிறு அப்படியே இருந்தது. வாந்தி வரும், வரும் என்று பார்த்தோம். வரவில்லை. டம்ளரை என்னிடம் நீட்டி, "இன்னுங் கொஞ்சம்" என்றாள்.

மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டு வண்டிக்காரனைப் பார்த்துச் சொன்னார்: "மாட்டை அவுத்து உடப்பா."

அந்தப் பாவை அலசிக் காயவைத்து மறுபடி கஞ்சி போடுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. தெரு முழுக்க வந்து மோந்து பார்த்துவிட்டுப் போனது. "தின்னவா, பாவுக்கா?" என்று முதலில் கேட்டவர் தாத்தாதான்.

மத்தியானம் எல்லோரும் படுத்திருந்தார்கள். தாத்தா பாவுக்குக் கொண்டுபோன சட்டியின் அடியில் கொஞ்சம் மொச்சைப் பால் மிச்சமிருந்தது. அதைச் சுட வைத்து, கடைசிப் பழத்தைப் பிழிந்தேன். உடனே திரிந்தது! துணியில் முடிந்து அம்மிக்குழவியை மேலே வைத்தேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கட்டி வந்தது. பாதியை மிளகாய்ப்பொடி தூவி எண்ணெயில் வாட்டித் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

மிளகாய் போடாத பாதியை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய், கன்றுக்குட்டிக்கு ஊட்டிவிட்டு வந்தேன்.