அறுபது சட்டைகளும் என் இரண்டு காதுகளும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மச்சான் எழுதுவது. உங்கள் அம்மா ஊன்றுகோல் இல்லாமல் நாலடி நடக்கிறார்கள் என்று தங்கை சொன்னாள்; மனம் நிறைந்தது. இங்கே தையல்கூடத்தில் பன்னிரண்டு இயந்திரங்களும் நலம். நான் நலமா என்பதைக் கடைசிவரை படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

"நான் வர்ற வரைக்கும் பாத்துக்குங்க மச்சான், மனுஷங்களை மனுஷங்களா நடத்துங்க, அது போதும்" என்று சொல்லி, அம்மாவைக் கவனிக்க ஊருக்குக் கிளம்பும்போது சாவியைக் கொடுத்தீர்கள். முப்பத்துநாலு வருஷம் வகுப்பை மேய்த்தவனுக்குப் பத்துப் பேர் ஒரு பொருட்டா என்று இருந்தேன். போன வாரம் ஓர் அட்டைப் பெட்டியில் துளை போட்டு, நான் எதைத் திருத்திக்கொள்ள வேண்டும், பெயர் போடாமல் எழுதிப் போடுங்கள் என்றேன். மின்விசிறி, டீ என்று ஏதாவது வரும் என எதிர்பார்த்தேன். பத்துச் சீட்டு வந்தது. ஒன்பதில் ஒரே விஷயம்: சார் யாரையும் பேசி முடிக்க விடுவதில்லை. பத்தாவதில், ரேடியோ என்றாலாவது அணைத்துவிடலாம், சாரை முடியாது என்று இருந்தது. மாப்பிள்ளை, எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எல்லோர் பேச்சையும் காதுகொடுத்துக் கேட்பவன் என்றல்லவா இத்தனை நாள் என்னை நினைத்திருந்தேன்! பழக்கதோஷம், கை சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு சீட்டிலும் சிவப்பு மையில் 'உதாரணம் தரவும்' என்று எழுதி, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண்ணும் போட்டு, அறிவிப்புப் பலகையில் குத்திவிட்டேன். பிறகு எல்லோரையும் உட்காரவைத்து, நான் எவ்வளவு பொறுமையாகக் கேட்பவன் என்பதை ஒன்றேகால் மணி நேரம் விளக்கினேன். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. ஒப்புக்கொண்டார்கள் என்றே எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை கட்டிங் மாஸ்டர் அம்மா ராஜினாமாக் கடிதத்தை என் மேஜையில் வைத்தார். பதினாறு வருஷமாக உங்களிடம் இருப்பவர்; அவர் கத்தரி நின்றால் பன்னிரண்டு இயந்திரமும் நின்றுவிடும். பதறிப்போய் மன்னிப்புக் கேட்க வெட்டு மேஜைக்கு ஓடினேன். மன்னிப்பின் அருமைக்கு மூன்று உதாரணம் சொல்லி, நாலாவதைத் தொடங்கும்போது அவர் நிமிர்ந்தார்.

"சார், மன்னிப்பு கேக்கும்போதாவது என்னைப் பேச விடக்கூடாதா?"

வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். அப்புறம் அவர் சொன்னதுதான் இரண்டாவது இடி. போன மாதம் பள்ளிப் பிள்ளைகளுக்கான அறுபது முழுக்கைச் சட்டைகளில் கை குட்டையாகிப்போனதே, அந்த அம்மாவின் கவனக்குறைவு என்று உங்களுக்கு எழுதினேனே, எல்லோர் முன்னாலும் அவரைக் கடிந்துகொண்டேனே, அது என் கைங்கரியம். சுவரிலிருந்த அளவுப் பட்டியல் அழுக்காக இருக்கிறது என்று புதுத் தாளில் எழுதி ஒட்டியவன் நான்தான். பன்னிரண்டு வயது வரிசையில் பத்து வயதுப் பிள்ளையின் கை நீளத்தை எழுதிவைத்திருக்கிறேன். வெட்டுவதற்கு முன்பே சந்தேகப்பட்டு மூன்று முறை என்னிடம் வந்தாராம். முதல் முறை கவனத்தைப் பற்றி ஒரு கதை சொன்னேனாம். இரண்டாம் முறை காலந்தவறாமை. மூன்றாம் முறை, பட்டியலில் இருப்பதை வெட்டுங்கள் என்று அனுப்பிவிட்டேனாம். கதைகள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன மாப்பிள்ளை. எதிரே நின்ற அவர் முகம்தான் நினைவில் இல்லை.

பட்டியலைப் போய்ப் பார்த்தேன். என் கையெழுத்துதான், முத்து முத்தாக. வகுப்பே ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டால் முதலில் கரும்பலகையைப் பார் என்று இளைய ஆசிரியர்களுக்குச் சொன்னவன் நான். இயந்திரங்களை நிறுத்தச் சொல்லி, "சட்டை கெட்டது என்னால. அம்மா மேல தப்பே இல்ல" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். இத்தனை சின்னப் பேச்சை நான் பேசியதே இல்லை.

ஆகவே என் பழைய கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். தவறு முழுக்க என்னுடையது. உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம். தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் ஆசிகள். பிள்ளைகளுக்கு வாயைவிடக் காது பெரிதாக வளரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்

பி.கு.: அந்த அம்மா ராஜினாமாவை இன்னும் திரும்ப வாங்கவில்லை. "முதலாளிகிட்ட நானே என் வாயால சொல்றேன் சார். அப்புறம்தான் முடிவு. நீங்க ஒண்ணும் எழுத வேணாம்" என்றார். அவருக்கு எதற்குச் சிரமம் என்று நானே எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். இப்போதுதான் உறைக்கிறது. இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடலாம்தான், நாலு பக்கம், மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்வார். எதுவுமே தெரியாதவர்போலக் கடைசி வார்த்தைவரை கேளுங்கள். நடுவில் மட்டும், மச்சான் எழுதியிருந்தார் என்று சொல்லிவிடாதீர்கள்.