மாமாவின் பாட்டுப் பெட்டியும் லாட்ஜ் பெட்டியும்

மதிப்பிற்குரிய அத்தை கஸ்தூரி அவர்களின் சமூகத்திற்கு,

அடி அண்ணாமலையிலிருந்து தங்கள் அண்ணன் மகன் வல்லரசு பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு மாமா, நான், பூனை மூவரும் சுகம். பெங்களூரில் தங்கள் மகள் கவியாவும் பிறந்த குழந்தையும் சுகமாய் இருப்பதாகவும், குழந்தை தங்களைக் கொஞ்சமாவது தூங்க விடுவதாகவும் நம்புகிறேன். போனில் கேட்டால் மாமாவும் நானும் பேசி வைத்துக்கொண்டு ஒரே பொய்யைச் சொல்வோம், அதனால் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு என்று தாங்கள் உத்தரவிட்டதால் இக்கடிதம்.

விஷயம் தாங்கள் அரைகுறையாக அறிந்ததே. மின்வாரியத்தில் ரிட்டையர் ஆன சகாதேவன் மாமா, நீங்க பெங்களூர் பஸ் ஏறின மறுவாரமே மியூசிக் சர்வர் என்று ஒரு பெட்டியை வரவழைத்துவிட்டார். பாட்டைச் சேர்த்து வைத்து ஸ்பீக்கருக்கு அனுப்புவதைத் தவிர வேறு வேலையே தெரியாத கம்ப்யூட்டர் அது. விலையை அவர் வாயாலயே கேட்டுக்கோங்க, நான் சொன்னா குழந்தை முழிச்சுக்கும். அதே வேலையைத்தான், நான் லாட்ஜுங்கள்ல கேமரா படம் சேத்து வைக்கறதுக்காக மாட்டிக் குடுக்கற சாதாரண நெட்வொர்க் பெட்டி, மாமாவுக்கு ரெண்டு வருஷமா செஞ்சிட்டிருந்துச்சு. ரெண்டு ஹார்ட் டிஸ்க், ஒரு ஃபேன், ஒரு ஒயர். கேமரா படமோ நாதஸ்வரமோ, அதுக்கு எல்லாம் ஃபைலுதான். இதைத்தான் சொன்னேன் அத்தை.

"மாமா, உள்ள இருக்கறது வெறும் ஒண்ணும் பூஜ்யமும். அதுல ஒசத்தி ஒண்ணு, மட்டமான ஒண்ணுன்னு இருக்கா?"

"காலேஜ முடிச்சவன் வந்து சொல்லட்டும், கேக்கறேன். மூணாவது வருஷத்துல ஓடியாந்தவன் சொல்லாதடா."

வந்துச்சே கோவம்! அங்கயே பந்தயம் கட்டிட்டோம். புதுப் பெட்டி நெசமாவே ஒசத்தின்னு நிரூபிச்சா, நான் காலேஜுக்குத் திரும்பிப் போயி மிச்சப் படிப்ப முடிக்கணும். வித்தியாசமே இல்லன்னா பெட்டி வந்த வழியே திரும்பிப் போவணும், அதுக்கப்புறம் நீங்க, அப்பா, யாருமே என்கிட்ட காலேஜ் பேச்சை எடுக்கக் கூடாது. என் வாழ்க்கையே அந்தப் பெட்டி மேல நின்னுச்சுங்க அத்தை.

அதுக்கு முன்னாடி மாமா பண்ண அலப்பறையச் சொல்லணும். கரண்ட்டு சுத்தமா வந்தாதான் பாட்டு சுத்தமா வரும்னு கொல்லையில எர்த்துக்குழி தோண்டினார். உப்பு, கரின்னு மூட்டை மூட்டையா கொட்டினார். பக்கத்து வீட்டு ராஜம்மாள் எட்டிப் பாத்து, "யாரத் தம்பி பொதைக்கறீங்க?"ன்னு கேட்டுச்சு. அப்புறம் பெட்டிக்குப் பூஜை. புது வண்டிக்கு வைக்கற மாதிரி நாலு காலுக்கும் நாலு எலுமிச்சம்பழம் வெச்சு, பெட்டியத் தள்ளி நசுக்கியே ஆவணும்னு அடம். நான் அலறி, பழத்தைத் தனியா கால்ல மிதிச்சு நசுக்க வெச்சேன். விபூதிப் பட்டைய காத்துப் போற ஓட்டை மேல பூசினதை மட்டும் தடுக்க முடியல.

பௌர்ணமி அன்னிக்கு டெஸ்ட் வெச்சா வாசல்ல போற கிரிவலக் கூட்டத்தோட சத்தம்தான் கேக்கும்னு, மூணு நாள் தள்ளி வெச்சோம். தீர்ப்பு சொல்ல நம்ம மைக் செட் ஜானி பாஷா பாயைக் கூப்பிட்டேன். ஸ்பீக்கரை எலி கடிச்சிருந்தா தெருமுனையில இருந்தே சொல்ற காது அவருக்கு. ஸ்பீக்கர் எதிர்ல நாற்காலி போட்டு, கண்ணுக்குத் துண்டு கட்டிட்டோம். ரெண்டு பெட்டியும் பாய்க்குப் பின்னாடி ரெண்டு மூலையில. மாமா தன் இஷ்டத்துக்கு மாத்தி மாத்திப் போய் பாட்டுப் போடணும், பாய் புதுசா பழசான்னு சொல்லணும், நான் எழுதணும். பத்து தடவை. பத்துக்குப் பத்து கரெக்டா சொல்லிட்டார் அத்தை! எனக்கு மூஞ்சி செத்துப் போச்சு. மாமா கூடத்துல ஒரு சுத்து ஆடிட்டு, "பேக்கை எடுத்து வைடா, நானே பஸ் ஏத்தி உடறேன்"ங்கறார்.

பாய் நிதானமா டீயக் குடிச்சிட்டு, "சார், ஒரு டவுட்டு. புதுசுகிட்டப் போவும்போது மட்டும் எதுக்கு வெறுங்கால்ல போறீங்க?"ன்னார்.

குதிகால் வலிக்கு நீங்க வாங்கிக் குடுத்த ரப்பர் செருப்பு அத்தை! பழசுகிட்டப் போனா சரக் சரக்குனு சத்தம், புதுசுன்னா சத்தமே இல்ல.

"பூஜை போட்ட பொருளுடா, செருப்புக் காலோட எப்படிப் போறது?"ன்னார் மாமா.

"அப்ப என் பெட்டி?"

"அதுக்கு எவன் பூஜை போட்டான்?"

நான் பாய் பக்கம் திரும்பினேன். "பாய், நீங்க கேட்டது பாட்டையா, காலையா?"

"கண்டுபுடின்னுதான தம்பி சொன்னீங்க. எதை வெச்சுன்னு சொல்லலியே."

மறுபடி டெஸ்ட். இந்தத் தடவை நான் வெறுங்கால்ல நடந்து மாத்தினேன். பாய் பத்துக்கு அஞ்சு. மாமா நம்பாம தானே துண்டைக் கட்டிக்கிட்டு உக்காந்தார். பத்துக்கு நாலு. அதுலயும் என் லாட்ஜ் பெட்டி பாடறப்ப, "ஆகா, இதான்டா புதுசு, என்னா தெளிவு!"ன்னு தலைய ஆட்டினார் பாருங்க, பாய் பாவம், சிரிப்ப அடக்க வெளிய போயிட்டார். மாமா துண்டை அவுத்து மடிச்சு வெச்சிட்டு, "சரிடா, அனுப்பிடு"ன்னு ஒரே வார்த்தை. ஆக, ஜெயிச்சது நான். இனிமே காலேஜ்னு யாரும் வாயத் திறக்கக் கூடாது. சாட்சி ஜானி பாஷா.

கவியாவுக்கு என் அன்பு. குழந்தைக்கு அண்ணாமலையார் நீண்ட ஆயுளும், மாமாவின் காதைப் போல் இல்லாத நல்ல காதும் அருள வேண்டி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள
வல்லரசு

பி.கு.: கவரை ஒட்டறதுக்கு முன்னாடி, திருப்பி அனுப்பற பெட்டியில இருக்கற பாட்டை அழிச்சிரலாம்னு திறந்தேன். உள்ள ஒரு பாட்டுகூட இல்ல. மாட்டின அன்னிக்குக் காப்பி பண்ண நேரமாவும்னு, பழைய பெட்டியில இருந்தே எடுத்துப் பாடுன்னு புதுசுக்கு வழி காட்டிட்டு லாட்ஜ் வேலைக்கு ஓடினவன், அப்படியே மறந்துட்டேன். டெஸ்ட்டுல பாய் கேட்டது, மாமா ஒரு மாசமா உருகினது, எல்லாமே பழைய பெட்டிப் பாட்டுதான். அப்ப டெஸ்ட்டே செல்லாது. வாய மூடிக்கிட்டு அனுப்பிடலாம்னுதான் நெனச்சேன், கை சும்மா இருக்கல. எல்லாத்தையும் ஒழுங்கா காப்பி பண்ணி, மாமா மார்க்கெட் போனப்ப ஒரு நாதஸ்வரம் போட்டேன். வாசிக்கறவர் மூச்சு இழுக்கறது கேக்குது அத்தை. பழசுல போட்டேன், கேக்கல. திரும்பப் புதுசு, கேக்குது. பதினோரு தடவை பாத்துட்டேன். கண்ணைக் கட்டிக்கல, ஒத்துக்கறேன். எதுக்கும் பெட்டி இங்கயே இருக்கட்டும். மூணாவது வருஷத்துல திரும்பச் சேரக் கடைசித் தேதி என்னிக்குனு கவியாவை நெட்ல பாத்துச் சொல்லச் சொல்லுங்க. மாமாவுக்கு இப்பவே தெரிய வேணாம்.