அறுபதாவது அழைப்பு

மதிப்பும் பாசமும் மிகுந்த நொபுயோ அக்காவுக்கு,

கூரைப் பனி பாதி உருகி, மீதி வாசலில் சேறாகிக் கிடக்கும் இந்த மார்ச் கடைசியில், செண்டாயில் நீங்களும் அத்தானும் சளி, இருமல் அண்டாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் என் வீட்டுக்காரி மிசாவோவும் குறை சொல்ல முடியாத உடல்நலத்தோடு இருக்கிறோம். குறையே அதுதான். ஊரே உடல்நலத்தோடு இருக்கிறது. இல்லாதவர்களும் இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

காகித ஆலை மூடியதும், முப்பத்தொரு வருடம் உலர்த்தும் உருளையைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அரசாங்கம் வேறு தொழில் கற்றுக்கொடுத்தது உங்களுக்குத் தெரியும். கணினி வகுப்பு நிரம்பிவிட்டதால் ஆம்புலன்ஸ் உதவியாளர் வகுப்பில் உட்காரவைத்தார்கள். ஐம்பத்தேழு வயதில் ரப்பர் பொம்மையின் நெஞ்சை அழுத்தப் பழகினேன். ஒவ்வொரு அழுத்தலுக்கும் என் வாய் தானாக "மன்னிக்கணும், மன்னிக்கணும்" என்றது. "தெத்சுரோ, அது செத்துக்கிட்டிருக்குய்யா! அதுகிட்ட என்ன மரியாதை? எண்ணு!" என்று பாடம் நடத்திய ஆம்புலன்ஸ் நிலையத் தலைவர் நுகுய் கத்தினார். எப்படியோ தேறினேன், வேலையும் கிடைத்தது. ஆனால் எங்கள் ஆம்புலன்ஸ் வண்டிக்கும் எனக்கும் சேர்த்து வருகிற மானியத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஏப்ரலில் தொடங்கி மார்ச் முடிவதற்குள் அறுபது நோயாளிகளையாவது ஏற்றிப் போயிருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் வண்டி கணவாய்க்கு அந்தப் பக்கம் போய்விடும், நான் வீட்டுக்குப் போய்விடுவேன்.

அறுபது என்ன பெரிய விஷயம், ஊரில் பாதிப் பேர் எண்பதைத் தாண்டியவர்கள் என்றுதான் நானும் நினைத்தேன். நம் ஊர்க்காரர்களின் நாகரிகத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை. பாலத்தடி ஹிராமத்சு அம்மாள் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டு, ஒரு கையாலேயே பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுப் பஸ் ஏறிப் போனாள். ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டால், "உங்க வண்டி எவ்வளவு பெருசு, என் கை எவ்வளவு சின்னது" என்கிறாள். அடுத்த முறை தலைசுற்றலுக்குக் கூப்பிட்டாள். என்ன சொல்லிக் கூப்பிட்டாள் தெரியுமா? "சைரன் போடாதீங்க தம்பி, பக்கத்து வீட்டுல பயந்துடுவாங்க. வண்டிய கோயில்கிட்டயே நிறுத்துங்க, நானே நடந்து வந்துடறேன்." போனால், செருப்பைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எங்கள் மூன்று பேருக்கும் அரிசிப் பலகாரம் கட்டி எடுத்துக்கொண்டு நிற்கிறாள். நாங்கள் வாங்கக் கூடாது, அவள் விடமாட்டாள். குனிந்து குனிந்து மறுத்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்கே போய் வந்திருக்கலாம். கடைசியில், "இவ்வளவு பேசிட்டேனே, சரியாயிடுச்சு" என்று வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். ஏற்றாத நோயாளி எண்ணிக்கையில் வராது, அக்கா.

நுகுய் சொன்னதால் ஊர்க் கூட்டம் போட்டேன். 'தயங்காமல் கூப்பிடுங்கள்' என்று என் கையாலேயே துண்டறிக்கை எழுதினேன். நெஞ்சு இறுகினால், இடது கை மரத்தால் உடனே கூப்பிடுங்கள் என்பதுதான் அதில் முதல் வரி. நாற்பது பேர் வந்தார்கள், ஒரே மாதிரித் தலையாட்டினார்கள். மறு மாதம் ஓர் அழைப்புகூட இல்லை. விசாரித்தால், "கூட்டம் போட்டு அவ்வளவு சிரமப்பட்டீங்க, அதுக்கு மேல தொந்தரவு பண்ணலாமா?" என்கிறார்கள். டோஃபு விற்கும் ஒகபே அந்த அறிக்கையைத் தொலைபேசிக்கு மேலேயே ஒட்டிவைத்திருக்கிறான். மயக்கம் வந்தபோது அதை முழுக்கப் படித்தானாம். "நம்மள விட மோசமா இருக்கிறவன் இப்ப கூப்பிட்டுக்கிட்டிருப்பானேன்னு போனை வச்சுட்டேன் அண்ணே."

இன்றைக்கு ஐம்பத்தொன்பதில் நிற்கிறது. இன்னும் நான்கு நாள். காலையில் கோயிலில் கைதட்டிக் கும்பிட்டு நின்றால் என்ன வேண்டுவதென்றே தெரியவில்லை. யாருக்காவது ஏதாவது ஆகட்டும் என்று வேண்ட நாக்கு கூசுகிறது. வேலை போனால் போகட்டும், சலித்துவிட்டது. ஆனால் அப்பா விழுந்தது இங்கே வண்டி வருவதற்கு முந்தைய வருடம். கணவாய் தாண்டி ஆம்புலன்ஸ் வர ஐம்பத்திரண்டு நிமிடம் ஆனது. அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு அந்த நிமிடங்களை எண்ணியவன் நான். இன்னொருவர் அப்படி எண்ணக் கூடாது. கொஞ்சம் வெட்கத்தை விட்டுக் கூப்பிட்டால் இந்த ஜனங்களுக்கு என்ன குறைந்துபோகும், சொல்லுங்கள்!

அத்தானுக்கு என் வணக்கம். இருவரும் நீண்ட ஆயுளோடு, மருத்துவர் முகம் பாராமல் வாழவேண்டும். அப்படி ஏதாவது வந்தால் தயவுசெய்து உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

பணிவுள்ள தம்பி,
தெத்சுரோ

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை அன்று தபாலில் சேர்க்க முடியவில்லை. ஐந்து நாள் கழித்து, ஆஸ்பத்திரியில் படுத்தபடி இதை எழுதுகிறேன். பயப்படாதீர்கள், பிழைத்துவிட்டேன். உறையில் முகவரி எழுதும்போது நெஞ்சு இறுகியது, இடது கை மரத்தது. எனக்கு அன்று ஓய்வு நாள். மிசாவோ தொலைபேசியை எடுத்துவிட்டாள். "வை கீழ, வாயுவா இருக்கும். நுகுய் ஐயா இப்பதான் சாப்பிட உட்கார்ந்திருப்பாரு" என்றேன். வாசலில் ஒகபேயின் வண்டி போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் தளும்பும் டோஃபுத் தொட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து கணவாயைத் தாண்டினேன். நோயாளி ஏன் இடுப்புக்குக் கீழே நனைந்திருக்கிறார் என்று மருத்துவர் கேட்டார். மிசாவோ இன்னும் என்னோடு பேசவில்லை.

மார்ச் நேற்றோடு முடிந்தது. ஐம்பத்தொன்பதுதான்.

இன்று நுகுய் பார்க்க வந்தார். கத்துவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமேய்யா" என்றார். "நீங்க சாப்பிட உட்கார்ந்திருப்பீங்கன்னு..." என்று இழுத்தேன். எழுந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, இடுப்பு வளையக் குனிந்தார்.

"ஆமா, உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நன்றி. சோறு ஆறாம சாப்பிட்டேன்."