பக்கத்துப் பலகையில் விழுந்த பத்து

ஹனோய்,
ஞாயிற்றுக்கிழமை

மரியாதைக்குரிய தோவா அக்காவுக்கு, உங்கள் தம்பி துவானின் மனைவி லியூ வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், உங்கள் தம்பி, உங்கள் அப்பா மூவரும் சுகம். அங்கே நாம் டின் ஊரில் நீங்களும் உங்கள் ஃபோ நூடுல்ஸ் கடையும் எலும்புச் சாறு கொதிக்கும் அண்டாவும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். என்னைத் தேசியத் துப்பாக்கி அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக்கிய செய்தி கேட்டு நீங்கள் பஸ்ஸில் கொடுத்தனுப்பிய வாத்து உயிரோடு வந்து சேர்ந்தது. உங்கள் தம்பி அதற்குப் பெயர் வைத்துவிட்டதால் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

அக்கா, அந்த வாத்தைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். இருபத்தாறு வருஷமாகச் சொல்லாத ஒன்றை இன்று சொல்லியே தீர வேண்டும். அந்தத் தேசியப் போட்டி நினைவிருக்கும். ஐம்பது மீட்டர், படுத்துச் சுடுவது. சுடும் வரிசையில் நான் ஏழாம் எண் தடத்தில், நீங்கள் பக்கத்தில் எட்டாம் எண்ணில். கடைசிக் குண்டை நீங்கள் உங்கள் இலக்குப் பலகையை விட்டுவிட்டு என் பலகையில் சுட்டுவிட்டீர்கள். துப்பாக்கி பிடிக்கிற எல்லோருக்கும் என்றாவது ஒருநாள் நேர்வதுதான், அதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்? என் தாளில் இரண்டு புது ஓட்டைகள். ஒன்று நட்டநடுவில், பத்து. இன்னொன்று ஓரத்தில், எட்டு. நடுவர் பூதக்கண்ணாடியோடு வந்து குனிந்து பார்த்தார்.

"இதுல எதும்மா உன்னோடது?"

"தெரியல சார்."

"தெரியலேன்னா சட்டப்படி பெரிய எண் உனக்கு."

உங்களுக்கு அந்தக் குண்டுக்குப் பூஜ்யம். எனக்குத் தங்கம், அணியில் இடம், வெளிநாட்டுப் பயணம், உங்களுக்கு ஊர் திரும்பும் நாம் டின் பஸ். தெரியல என்று நான் சொன்னது பச்சைப் பொய், அக்கா. விசையை அழுத்தும்போதே எனக்கு மூச்சு இடறிவிட்டது. எட்டுதான் என்று குண்டு தாளைத் தொடுவதற்கு முன்பே தெரியும். பத்து உங்களுடையது.

அன்று நீங்கள் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. "நல்லா சுட்டடி" என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனீர்கள். அடுத்த மாதமே ஒரு கூடை கொய்யாவோடு உங்கள் தம்பியை அனுப்பினீர்கள், நான் கொய்யாவையும் வைத்துக்கொண்டேன், அவரையும் வைத்துக்கொண்டேன். பிறகு நான் வாங்கிய பதக்கமெல்லாம் என் சொந்தக் குண்டுதான், ஆனால் அந்த முதல் பத்து இல்லாவிட்டால் எனக்கு ஏது அணி, ஏது வேலை? இன்று என்னிடம் பயிற்சி பெறுகிற பெண்களை வரிசையாக நிற்கவைத்து, "தாள்ல ஒரு ஓட்டை அதிகமா இருந்தா, எது உங்களோடதுன்னு உண்மையைச் சொல்லணும்" என்று பாடம் நடத்துகிறேன். சொல்லும்போதே காது சுடுகிறது.

சரி, தலைமைப் பதவி வந்த நாளிலாவது சொல்லிவிடலாம் என்று பாராட்டு விழா மேடையில் ஏறி, "அந்தப் பத்து என்னோடது இல்லீங்க" என்றேன். எங்கள் விளையாட்டுத் துறை இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடுங்கி, "கேட்டீங்களா? இந்த அடக்கம் யாருக்கு வரும்!" என்றார். கைதட்டல் ஓயவில்லை, இரண்டாவது பூங்கொத்து வந்தது. பத்திரிகைக்காரப் பெண்ணிடம் தனியாகப் போய், பக்கத்தில் இருந்தவர் சுட்டது என்று விளக்கமாகச் சொன்னேன். 'பக்கத்தில் இருந்தவர்களே என் பலம்' என்று தலைப்புப் போட்டு, வாத்தோடு என் படத்தையும் போட்டுவிட்டாள். கடைசியில் உங்கள் அப்பாவிடம் போனேன். அந்தத் தங்க மெடலை வீட்டு முன்னோர் பீடத்தில், தாத்தா படத்துக்கும் வாழைப்பழத் தட்டுக்கும் நடுவில் வைத்து அவர் தினமும் ஊதுபத்தி காட்டுவது உங்களுக்குத் தெரியாததா? முழுவதையும் கேட்டுவிட்டு முறைத்தார்.

"இருபத்தாறு வருஷமா பெரியவங்ககிட்ட சொல்லிக்கிட்டு வரேன், மருமக ஜெயிச்சான்னு. இப்பப் போயி மாத்திச் சொன்னா அவங்க முன்னாடி என் மூஞ்சியை எங்க வச்சுக்கறது? போம்மா, போயி வாத்துக்குத் தீனி போடு."

இனி இந்த வீட்டில் பேசிப் பயனில்லை. மதியம் அவர் தூங்கும்போது மெடலை எடுத்து, இத்துடன் துணியில் சுற்றி அனுப்புகிறேன். பீடத்தில் அந்த இடத்தில் பிஸ்கட் டப்பாவின் மூடியை வைத்திருக்கிறேன். சாயங்காலம் அதற்கும் ஊதுபத்தி காட்டினார். நீங்கள் திட்டினாலும் சரி, தலையில் குட்டினாலும் சரி, உங்கள் பொருளை நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும். திருடியவளைக் கூடப்பிறந்தவளாய் வைத்துக்கொண்டீர்களே, அதற்கு எத்தனை நன்றி சொன்னாலும் என் மனசு ஆறாது. உங்கள் அண்டா என்றும் வற்றாதிருக்கட்டும், உங்கள் முழங்கால் வலி தீரட்டும், கடன் சொல்லிச் சாப்பிடுகிறவர்கள் வேறு கடைக்குப் போகட்டும்.

என்றும் உங்கள் தங்கை,
லியூ

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் உங்கள் தம்பி இதை வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் வாத்து கட்டிலுக்கடியில் ஓடிவிட்டது. "இது அக்காவுக்குத் தெரியாதாக்கும்? கொய்யாக் கூடையைக் கையில குடுக்கும்போதே சொல்லித்தான் அனுப்பிச்சுது. 'ஹனோய்ல ஒரு பொண்ணு என் பத்தை வச்சுக்கிட்டு முழிச்சுக்கிட்டு நிக்குறா. அது வேற வீட்டுக்குப் போயிடக் கூடாது, நீ போயி அவளோட சேர்த்துக் கூட்டிட்டு வா'ன்னு." மனுஷன் இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை, அக்கா! சிரித்தேன், அழுதேன், எழுந்து போய் டப்பா மூடியை எடுத்துவிட்டு மெடலைப் பீடத்திலேயே வைத்துவிட்டேன். ஆகவே இத்துடன் எதுவும் அனுப்பவில்லை. உங்கள் பத்து உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. கூடவே வந்த இந்த எட்டுக்காரியையும் இத்தனை வருஷம் வைத்துக் காப்பாற்றினீர்களே, நன்றி அதற்குத்தான்.